இல்லாத ஏவுகணைகளைக் காட்டி வாங்கிய ஓட்டு

நண்பர்களே, 1957 அக்டோபர் 4 அன்று சோவியத் யூனியன் ஸ்புட்னிக்கை விண்ணுக்கு அனுப்பியது. எடை 84 கிலோகூடக் கிடையாது. அமெரிக்கர்களின் வயிற்றைக் கலக்கியது அந்தச் சின்ன உருண்டை இல்லை, அதைத் தூக்கிப்போன ஆர்-7 ராக்கெட். அதன் தலையில் அணுகுண்டை வைத்தால் நியூயார்க்குக்கே வந்து சேரும். போதாக்குறைக்குச் சோவியத் தலைவர் குருஷ்சேவ் வேறு, எங்கள் ஆலையில் ஏவுகணைகள் சாசேஜ் மாதிரி வரிசையாக வருகின்றன என்று பீற்றிக்கொண்டார்.

சரி, உண்மையில் எத்தனை இருந்தன? மிகவும் கொஞ்சம். யூ-2 உளவு விமானங்கள் 1956 முதல் எடுத்துவந்த படங்களைப் பார்த்திருந்த அமெரிக்க அதிபர் ஐசனோவருக்கு அந்தப் பீற்றலில் நம்பிக்கை இல்லை. ஆனால் வாயைத் திறந்தால், ‘உனக்கு எப்படித் தெரியும்?’ என்று கேட்பார்களே! திருடன் வீட்டு ஜன்னலில் எட்டிப் பார்த்தவன் சாட்சி சொல்ல முடியாத கதைதான்.

அந்த மௌனத்துக்குள் 1960 அதிபர் தேர்தல் வந்தது. ஏவுகணையில் நாம் பின்தங்கிவிட்டோம் என்று கென்னடி ஊர் ஊராகப் பேசினார். அவரை எதிர்த்து நின்ற, துணை அதிபராக இருந்த நிக்சனால் ரகசியத்தை உடைத்துப் பதில் சொல்ல முடியவில்லை. 6.8 கோடிக்கும் மேல் பதிவான ஓட்டில் கென்னடி முந்தியது ஏறக்குறைய 1.13 லட்சம். பொய் என்று தெரிந்தே பேசினாரா என்பது இன்றும் வாதத்தில் இருக்கிறது. என்னைக் கேட்டால், தெரிந்துகொள்ள அவர் அவசரப்படவில்லை, அவ்வளவுதான்.

1961 பிப்ரவரியில், பதவியேற்று மூன்று வாரம்கூட ஆகாத பாதுகாப்பு அமைச்சர் மெக்னமாரா, அப்படி ஒரு பின்னடைவே இல்லை என்று நிருபர்களிடம் சொல்லிவிட்டார். வெள்ளை மாளிகை பதறிப்போய் மறுத்தது. அந்தச் செப்டம்பரில் உளவுத் துறை போட்ட கணக்கில் சோவியத் ஏவுதளங்கள் 10 முதல் 25 வரைதான். உண்மை அதைவிடவும் குறைவு. ஆனாலும் அமெரிக்கா நிற்கவில்லை. மினிட்மேன் ஏவுகணைகள் மட்டுமே கடைசியில் 1000 ஆயின. அக்டோபரில் துணைப் பாதுகாப்பு அமைச்சர் கில்பாட்ரிக் மேடையேறி, நாங்கள்தான் முன்னால் இருக்கிறோம் என்று பகிரங்கமாகச் சொன்னார். குருஷ்சேவின் வேஷம் கலைந்தது. அடுத்த ஆண்டு அவர் கியூபாவுக்கு ஏவுகணை அனுப்பியதற்கு காஸ்ட்ரோவைக் காப்பது உட்படப் பல காரணங்கள் உண்டு. இந்த அவமானமும் அதில் ஒன்று என்பேன்.

அப்புறம் நடந்ததுதான் எனக்குப் பிடித்த இடம். 1962 அக்டோபர் 27 இரவு, அதிபரின் தம்பி ராபர்ட் கென்னடி சோவியத் தூதர் டோப்ரினினைச் சந்தித்தார். கியூபாவிலிருந்து நீங்கள் ஏவுகணைகளை எடுத்தால், துருக்கியில் இருக்கும் எங்கள் ஜூபிடர் ஏவுகணைகளை எடுத்துவிடுகிறோம், ஆனால் விஷயம் வெளியே வரக்கூடாது என்றார். ராணுவக் கூட்டாளிகளான நேட்டோ நாடுகள் கோபித்துக்கொள்ளும் என்ற பயம் ஒரு பக்கம். நவம்பர் 6-ஆம் தேதி நாடாளுமன்றத் தேர்தல் மறுபக்கம். இரண்டு நாள் கழித்து டோப்ரினின் அந்தப் பேரத்தை எழுத்திலேயே கொண்டுவந்து கொடுத்தார். மறுநாள் ராபர்ட் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அவர் சொன்ன காரணத்தை டோப்ரினின் மாஸ்கோவுக்குத் தந்தியில் எழுதியிருக்கிறார்: இப்படி ஒரு காகிதம் என்றாவது வெளியே வந்தால், என் அரசியல் எதிர்காலமே போய்விடும்.