வேப்பிலை கட்டுவதற்கு முன்பே பரவும் சின்னம்மை

[திரையில்: பென்னாகரம் பக்கம் ஒரு வீடு. நிலைவாசலில் வேப்பிலைக் கொத்து.]

இந்த வேப்பிலையைப் பார்த்தால் தர்மபுரிப் பக்கம் யாரும் உள்ளே போக மாட்டார்கள். "அம்மா வந்திருக்கு" என்று வாசலோடு திரும்பிவிடுவார்கள். நல்ல ஏற்பாடுதான். பெரியம்மைக்கு இது சரியாகப் பொருந்தும். காய்ச்சல் வந்து ஆள் படுத்த பிறகுதான் அது மற்றவருக்குத் தொற்றும். அதனால்தான் நோயாளியைத் தனியே வைத்து, சுற்றியிருந்தவர்களுக்குத் தடுப்பூசி போட்டு அதை ஒழிக்க முடிந்தது. 1975-க்குப் பிறகு இந்தியாவில் யாருக்கும் வரவில்லை.

சின்னம்மை வேறு மாதிரி. கொப்புளம் தெரிய ஒன்றிரண்டு நாள் இருக்கும்போதே, காற்று வழியாகவும் பரவத் தொடங்கிவிடும். நாம் வேப்பிலை ஒடிக்கப் போகும்போது அது பக்கத்துப் பாய்க்குப் போயிருக்கும்.

[திரையில்: ஓசூரில் ஓர் அறை. வரிசையாக ஆறு பாய்.]

சிப்காட்டில் வேலை பார்க்கும் பையன். நெஞ்சில் நாலு கொப்புளம் தெரிந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு அரூருக்கு பஸ் ஏறுகிறான். அவனைக் குறை சொல்ல முடியாது, அறையில் கஞ்சி வைத்துத் தர யார் இருக்கிறார்கள்? ஆனால் ஜன்னல் மூடிய பஸ்ஸில் மணிக்கணக்காக அவனோடு வருபவர்களில் ஒரு கர்ப்பிணியும் இருக்கலாம். முடிந்தால் பைக்கிலோ தனி வண்டியிலோ போகட்டும். ஏற்கெனவே அம்மை வந்தவர் கூடப் போவது நல்லது. அறையில் மிச்சமுள்ள ஐந்து பேரும், கடைசியாக அவனோடு இருந்த நாளிலிருந்து 21 நாள் வரை உடம்பைக் கவனிக்க வேண்டும்.

சரி, ஊரில் வீடே ஒற்றை அறை என்றால்? ஜன்னல் பக்கம் பாயைப் போட்டு, கதவையும் திறந்து வையுங்கள். முன்பு அம்மை வந்தவரே பணிவிடை செய்யட்டும். வீட்டில் அம்மை வராத கர்ப்பிணி இருந்தால், அவசரப்பட்டுத் தாய்வீட்டுக்கு அனுப்பாதீர்கள், நோயும் கூடவே போகலாம். அன்றைக்கே டாக்டரிடம் பேசுங்கள்.

அப்புறம், தலைக்குத் தண்ணீர் ஊற்றியாச்சு, பள்ளிக்கூடம் அனுப்பலாம் என்று நாளை மட்டும் எண்ணாதீர்கள். கொப்புளம் காய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். புதிதாக ஒன்றும் கிளம்பாமல், எல்லாமே காய்ந்து பொருக்குத் தட்ட வேண்டும். பெரும்பாலும் ஐந்து முதல் ஏழு நாள் ஆகும், சிலருக்குக் கூடுதலாகும்.

[திரையில்: 104 என்ற மருத்துவ ஆலோசனை எண்.]

பெரியவர்களுக்கு வந்தால் கடுமையாக இருக்கும். வைரஸை அடக்கும் மாத்திரையைக் கொப்புளம் தெரிந்த 24 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நன்றாகக் கேட்கும். குழந்தைக்குக் காய்ச்சல் என்று ஆஸ்பிரின் கொடுக்கவே கொடுக்காதீர்கள். ஆஸ்பத்திரிக்குப் போகுமுன் போன் செய்து, "அம்மை போட்டிருக்கு" என்று சொல்லிவிடுங்கள். கூட்டத்தில் உட்கார வைக்காமல் தனியாகப் பார்ப்பார்கள்.