ஐம்பது சென்ட் குளமும் ஒரு ஸ்பூன் எண்ணெயும்

நேயர்களுக்கு வணக்கம். முப்பது வருஷத்துக்கு மேல் ஆறாம், ஏழாம் வகுப்புகளுக்கு அறிவியல் நடத்தியவன் நான். அணு, மூலக்கூறு பாடம் வந்தால் புத்தகத்தைத் திறக்க மாட்டேன். ஒரு கற்பூரக் கட்டியை மேசையில் வைத்துவிட்டு வேறு எதையாவது நடத்திக்கொண்டிருப்பேன். கொஞ்ச நேரத்தில் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல் வரும்: "சார், கோயில் வாசனை அடிக்குது."

பாடம் அங்கேதான் ஆரம்பம். கட்டி இங்கே இருக்கிறது, மூக்கு அங்கே இருக்கிறது. நடுவில் போனது என்ன? வாசனை என்பார்கள். வாசனை என்றால்? காற்று என்பார்கள். வெறும் காற்றென்றால் பக்கத்து வகுப்பிலும் அடிக்கணுமே? இப்படியே போய், கற்பூரமேதான் கண்ணுக்குத் தெரியாத துணுக்குகளாக வந்திருக்கிறது என்று அவர்களே சொல்லிவிடுவார்கள். ஒருமுறை ஒரு பெண் எழுந்து, "அதான் சார், ஓடிப்போகாம இருக்க எங்கம்மா டப்பாவுல மிளகு போட்டு வைக்கிறாங்க" என்றாள். மிளகுக்கு அந்தச் சக்தி உண்டா என்பதில் எனக்குச் சந்தேகம்தான். மூடி இறுக்கமாக இருந்தால் போதும் என்பது என் கட்சி. எங்கள் வீட்டில் இந்த வழக்கு இன்னும் தீரவில்லை.

நாம் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். நடுவில் ஒரு உருண்டை, சுற்றிலும் வட்டங்கள் என்று முதல் நாளே படம் போட்டுவிடுகிறோம். பிள்ளையும் வரைந்து மார்க் வாங்கிவிடும். ஆனால் அந்தப் படத்துக்கும் அடுப்படி உப்புக்கும் சம்பந்தம் உண்டென்று அதற்குத் தோன்றவே தோன்றாது. துணுக்கு முதலில், படம் அப்புறம். திரும்பவும் சொல்கிறேன், படம் அப்புறம்.

சரி, துணுக்கு என்றதும் அடுத்த கேள்வி, "எவ்வளவு சின்னது சார்?" இதற்கு நான் சொல்லும் கதை பெஞ்சமின் பிராங்க்ளின் கதை. நூறு டாலர் நோட்டில் இருப்பாரே, அவர்தான். வெளியூர் போகும்போதெல்லாம் தன் மூங்கில் கைத்தடியின் மேல் கணுவில் கொஞ்சம் எண்ணெய் ஊற்றி எடுத்துப் போவாராம். எங்கே தண்ணீரைப் பார்த்தாலும் ஊற்றிப் பார்க்கும் பித்து. லண்டனுக்குப் பக்கத்தில் கிளாபம் என்ற இடத்தில் ஒரு பெரிய குளம். அன்றைக்கு நல்ல காற்று, குளமெல்லாம் சிற்றலை. முதலில் தப்பான கரையில் ஊற்றிவிட்டார், காற்று எண்ணெயைக் கரைக்கே தள்ளிவிட்டது. எதிர்க்கரைக்குப் போய், காற்று புறப்படும் பக்கத்தில் ஊற்றினார். ஒரு டீஸ்பூன்தான். அது விரிந்து விரிந்து, கிட்டத்தட்ட அரை ஏக்கர் கண்ணாடி மாதிரி அடங்கிப்போயிற்று. அரை ஏக்கர் என்றால் நம் கணக்கில் ஐம்பது சென்ட்! 1774-ல் ராயல் சொசைட்டி என்ற லண்டன் அறிவியல் சங்கத்தின் இதழில் அதை எழுதினார்.

ஒரு டீஸ்பூன், சுமார் 5 மில்லி. ஐம்பது சென்ட், சுமார் 2,000 சதுர மீட்டர். வகுத்துப் பார்த்தால் அந்த எண்ணெய்ப் படலம் போல 4 லட்சத்தை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால்தான் 1 மில்லிமீட்டர் வரும். அதற்கு மேலும் விரியாமல் எண்ணெய் ஏன் நின்றது? ஒரு மூலக்கூறின், அதாவது நாம் பேசிய அந்தத் துணுக்கின், உயரத்துக்குக் கீழே அது எப்படி மெலியும்? பாவம், பிராங்க்ளின் இந்த வகுத்தலைப் போடவே இல்லை. நூறு வருஷத்துக்கும் மேலாகி, 1890-ல் ராலே பிரபு என்ற ஆங்கிலேய இயற்பியலாளர் ஆலிவ் எண்ணெயை வைத்துப் போட்டார். அவருக்கு வந்தது மில்லிமீட்டரில் ஏறக்குறைய 6 லட்சத்தில் ஒரு பங்கு. குளத்தில் கண் மதிப்பாகச் சொன்னதற்கும் இதற்கும் எவ்வளவு நெருக்கம், பாருங்கள்!

குளம் வேண்டாம், அகலமான தட்டு போதும். தண்ணீர் ஊற்றி, மேலே லேசாக முகப்பவுடர் தூவுங்கள். ஊசி முனையை எண்ணெயில் தொட்டு, நடுவில் வையுங்கள். பவுடர் விலகி வட்டமாக இடம் விடும். தொட்டது ஊசி முனைதான், நினைவிருக்கட்டும்.

அணுவுக்கும் மூலக்கூறுக்கும் என்ன வித்தியாசம் என்பதை விரிவாகச் சொல்ல நினைத்தேன். ஸ்டுடியோக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டுகிறார்கள், அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். அணு எழுத்து, மூலக்கூறு சொல். கடல் என்பதைப் பிரித்தால் க, ட, ல் மிஞ்சும், கடல் இருக்காது. தண்ணீரைப் பிரித்தாலும் அப்படித்தான், ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் மிஞ்சும். ஒரு எழுத்து மாறினால் கடல் கடனாகிவிடும். நாம் மூச்சில் விடும் கார்பன் டை ஆக்சைடில் ஒரு ஆக்சிஜன் அணு குறைந்தால் ஆளைக் கொல்லும் கார்பன் மோனாக்சைடு. மற்றதை வீட்டில் பேசிக்கொள்ளுங்கள்.

ஒன்றே ஒன்று மட்டும். தட்டை நன்றாக அலசிவிட்டுச் செய்யுங்கள். துளி சோப்பு ஒட்டியிருந்தாலும் நீங்கள் எண்ணெய் வைக்கும் முன்பே பவுடர் ஓடிவிடும், பிள்ளைகள் உங்களைப் பார்த்துச் சிரிப்பார்கள். வணக்கம்.