கருப்பு வவ்வாலுக்கு யார் சொந்தம்?

நேயர்களுக்கு வணக்கம். காசிமேட்டில் விடியற்காலை மீன் ஏலம் முடிந்ததும் வெள்ளை வவ்வாலும் கருப்பு வவ்வாலும் பக்கத்துப் பக்கத்துக் கூடைகளில் வந்து உட்கார்ந்துகொள்ளும். பெயர் ஒன்று, தட்டையான உடல்வாகும் ஒன்று. அண்ணன் தம்பி என்றே நினைத்து வாங்குகிறோம். விலங்கியலார் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். கருப்பு வவ்வால், பாறை மீன் குடும்பத்தைச் சேர்ந்தது.

நீங்களே சோதித்துப் பார்க்கலாம். மீனின் பக்கவாட்டில், வாலின் அடியிலிருந்து தலையை நோக்கி விரலை ஓட்டுங்கள். கருப்பு வவ்வாலில் சிறு கெட்டிச் செதில்கள் சொரசொரவென்று தட்டுப்படும். பாறை மீனில் அதே வரிசை இன்னும் முரடு; அதைச் சீவி எறிந்த பிறகுதான் துண்டு போடுவார்கள். வெள்ளை வவ்வாலில் அது கிடையாது. இன்னொரு தடயமும் உண்டு. வெள்ளை வவ்வாலுக்கு வயிற்றுத் துடுப்பே இல்லை. கருப்பு வவ்வாலின் குஞ்சுக்கு இருக்கிறது, வளர வளர மறைந்துவிடுகிறது. வளர்ந்த மீனை மட்டும் பார்ப்பவர் ஏமாறாமல் என்ன செய்வார்?

1795-இல் பெர்லின் மருத்துவர் மார்கஸ் பிளாக் கருப்பு வவ்வாலுக்கு 'ஸ்ட்ரோமேட்டியஸ் நைகர்' என்று பெயரிட்டு (முதல் சொல் பேரினம், இரண்டாவது சிற்றினம்), வவ்வால்களோடுதான் சேர்த்தார். அவர் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. தரங்கம்பாடியிலிருந்து ஜான் என்ற பாதிரியார் அவருக்குப் பல மீன்களை அனுப்பிவைத்தார். அந்த ஜானின் பெயரால் 'ஜானியஸ்' என்று ஒரு பேரினமே இருக்கிறது. நம் கத்தாளை மீன்களில் சில அதில் அடக்கம்.

பின்னால் வந்தவர்கள் கருப்பு வவ்வாலை 'பாரஸ்ட்ரோமேட்டியஸ்' என்ற பேரினத்துக்கு மாற்றினார்கள். இடையில் தனிக் குடும்பமாகவும் வைத்துப் பார்த்தார்கள். ஆனால் 'நைகர்' என்ற சிற்றினப் பெயரைத் தொடவில்லை. பேரினம் மாறலாம், முதலில் சூட்டிய சிற்றினப் பெயரை நினைத்தபடி மாற்ற முடியாது என்பது விதி. விலங்குகளுக்கு இந்த முன்னுரிமைக் கணக்கு, உயிரினங்களுக்கு இரட்டைப் பெயர் முறையை வகுத்த லின்னேயஸின் நூல் 1758-இல் கண்ட பத்தாம் பதிப்பிலிருந்து தொடங்குகிறது. இன்று நூல்களில் பிளாக்கின் பெயர் அடைப்புக்குறிக்குள் இருக்கும். அச்சுக்காரரின் வேலை என்று தள்ளிவிடாதீர்கள்; பெயர் வைத்தபோது இருந்த பேரினம் இப்போது இல்லை என்று அது சொல்கிறது.

வெள்ளை வவ்வாலின் வழக்கும் திரும்ப எடுக்கப்பட்டிருக்கிறது. நம் கடலில் கிடைப்பதை நெடுங்காலம் 'பாம்பஸ் அர்ஜென்டியஸ்' என்றே எழுதிவந்தார்கள். மரபணுக்களை ஒப்பிட்ட ஆய்வாளர்கள் அது 'பாம்பஸ் கேண்டிடஸ்' என்கிறார்கள். புதிதாகப் படைத்த பெயர் அல்ல. 1829-லேயே வைக்கப்பட்டு, வேண்டாம் என்று ஒதுக்கப்பட்டிருந்த பெயர். வணக்கம்.