மூட்டைப்பூச்சிக்குப் பயந்து: எம்.எஸ்.13 பற்றிச் சில தப்பெண்ணங்கள்

அவையோருக்கு வணக்கம். விழாத் தலைவர் ஐயா அவர்களே, தள்ளாத வயதிலும் படியேறி வந்திருக்கும் ஓய்வுபெற்ற நீதிபதி அம்மா அவர்களே, முப்பது ஆண்டுகள் சிறையில் இருந்துவிட்டு, அதிகாரியாகத்தான், இன்று முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஐயா அவர்களே, இந்தத் தலைப்பைக் கொடுத்து என்னை மாட்டிவிட்ட செயலாளர் அவர்களே! ஒலிபெருக்கியை மூன்று முறை சரிசெய்த தம்பியையும் சொல்லிவிடுகிறேன். போன கூட்டத்தில் அவர் பெயரை விட்டுவிட்டேன் என்று வருத்தப்பட்டாராம்.

நாடு கடந்த தெருக் கும்பல்களைப் பற்றி ஐந்து தப்பெண்ணங்கள் என்று அழைப்பிதழில் போட்டிருக்கிறார்கள். ஐந்தையும் சொல்லிவிடுவதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன். பார்க்கலாம்.

முதலாவது, பிறந்த ஊர். மாரா சால்வத்ருச்சா என்கிற எம்.எஸ்.13 கும்பல் மத்திய அமெரிக்க நாடான எல் சால்வடாரில் பிறந்து அமெரிக்காவுக்குள் நுழைந்தது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அது பிறந்தது லாஸ் ஏஞ்சலஸில். எல் சால்வடாரில் 1980 முதல் 1992 வரை உள்நாட்டுப் போர். சுமார் 75,000 பேர் செத்தார்கள். தப்பி வந்த குடும்பங்கள் லாஸ் ஏஞ்சலஸின் பிக்கோ யூனியன் பகுதியில் நெருக்கியடித்துக் குடியேறின. அந்த வீட்டுப் பையன்கள் முதலில் செய்ததெல்லாம் முடி வளர்த்ததும் ஹெவி மெட்டல் பாட்டுக் கேட்டதும்தான். இரண்டு விரலைக் கொம்பு மாதிரி நீட்டுகிறார்களே, அது அந்தப் பாட்டு ரசிகர்களின் சைகை. ஏற்கெனவே அங்கே இருந்த கும்பல்கள் இவர்களை அடித்தன. இவர்கள் சேர்ந்து திருப்பி அடித்தார்கள், கத்தி எடுத்தார்கள், சிறைக்குப் போனார்கள். கலிபோர்னியாச் சிறைகளில் 'லா எமே' என்ற மெக்சிகன் மாஃபியாவின் நிழல் இல்லாமல் பிழைக்க முடியாது. எமே என்றால் எம் எழுத்து. ஆங்கில அகரவரிசையில் பதின்மூன்றாவது. அந்தப் 13 இப்படி ஒட்டிக்கொண்டதுதான். எதிரிக் கும்பலான பதினெட்டாம் தெருவும் அதே நகரத்துப் பிள்ளைதான்.

'மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தாதே' என்று என் பாட்டி சொல்வாள். அமெரிக்கா கொளுத்தவில்லை, பாயை அடுத்த வீட்டு முற்றத்தில் உதறியது. போர் முடிந்த பிறகு, அதிலும் 1996ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்துக்குப் பிறகு, குற்றப் பின்னணி உள்ளவர்களைக் கூட்டம் கூட்டமாக எல் சால்வடாருக்கு விமானம் ஏற்றினார்கள். குழந்தையாக வந்து லாஸ் ஏஞ்சலஸில் வளர்ந்தவர்கள் இவர்கள். போய் இறங்கிய நாட்டில் வேலை இல்லை, போலீசும் அப்போதுதான் புதிதாக அமைந்துகொண்டிருந்தது. தெரிந்த ஒரே தொழிலைச் செய்தார்கள்.

இரண்டாவது, எங்கோ ஒரு மாளிகையில் ஒரே தலைவன் பணத்தின் மேல் படுத்திருக்கிறான் என்ற சினிமாக் கற்பனை. இது 'கிளிக்கா' என்ற சின்னச் சின்னக் குழுக்களின் கூட்டு. 2016இல் நியூயார்க் டைம்ஸும் எல் சால்வடாரின் எல் ஃபாரோ என்ற செய்தி இதழும் சேர்ந்து கணக்குப் பார்த்தன. அந்நாட்டில் எம்.எஸ்.13இன் ஆண்டு வருமானம் 3 கோடியே 12 லட்சம் டாலர். ஆளுக்குச் சமமாகப் பிரித்தால் மாதம் 65 டாலர்! பஸ்காரரிடமும் பெட்டிக்கடையிலும் 'ரென்டா' என்று பிடுங்கிய மாமூல்தான் முக்கிய வரும்படி. ஏழையிடம் ஏழை பிடுங்குவது. அதற்காக இந்தக் கும்பல்களைச் சாது என்று சொல்ல வரவில்லை. 2010 ஜூனில் மெஹிகானோஸ் நகரில் பயணிகளோடு ஒரு பஸ்ஸை எரித்தார்கள், 17 பேர் செத்தார்கள். அது எதிரிக் கும்பலான பதினெட்டாம் தெருக்காரர்கள் செய்தது.

தலைவர் துண்டுச்சீட்டு அனுப்பிவிட்டார். சரி, மூன்றாவது, பச்சை குத்தியவனெல்லாம் கும்பல்காரன் என்பது. 2003இல் எல் சால்வடார் அரசு 'மானோ தூரா', அதாவது இரும்புக்கரம், என்று இறங்கியது. உடம்பில் பச்சை இருந்தாலே பிடித்தார்கள். கும்பல் என்ன செய்தது? இனிமேல் குத்தாதே என்று சொல்லிவிட்டது. பிடித்தவர்களை எம்.எஸ்.காரனுக்கு ஒரு சிறை, பதினெட்டுக்காரனுக்கு ஒரு சிறை என்று பிரித்து வைத்தார்கள். சிறையே தலைமையகம் ஆனது, செல்போனிலேயே மாமூல் வசூல் நடந்தது. வீட்டைக் கொளுத்தினார்கள், மூட்டைப்பூச்சி கட்டிலோடு வெளியே வந்துவிட்டது.

2022 மார்ச்சில் எல் சால்வடாரில் கொண்டுவந்த நெருக்கடி நிலைக்குப் பிறகு கொலை சரிந்துவிட்டதே என்று நீதிபதி அம்மா மேடைக்கு வருமுன் கேட்டார்கள். உண்மைதான். 2015இல் 6,600க்கு மேல் கொலை நடந்த நாட்டில் 2023இல் அரசுக் கணக்குப்படி 154. மாமூல் கட்டாமல் பஸ் ஓட்டுகிறவரின் நிம்மதியை இங்கே உட்கார்ந்து நான் கிண்டல் செய்ய மாட்டேன். ஆனால் 80,000 பேருக்கு மேல் பிடித்து, அதில் ஆயிரக்கணக்கானோரை அரசே பிறகு வெளியே விட்டது. அப்படி வந்தவனுக்கு யார் வேலை கொடுப்பது?

நான் எங்கே வருகிறேன் என்று உங்களில் பலருக்குத் தெரியும். கிரெகரி பாயில் என்ற பாதிரியார் 1988இல் லாஸ் ஏஞ்சலஸில் கும்பல் பையன்களுக்கு வேலை தேடிக் கிளம்பினார். 1992இல் ஒரு ரொட்டிக்கடை வைத்தார். ஒருவரையொருவர் சுடக் கிளம்பியவர்களை ஒரே அடுப்பில் நிறுத்தினார். ஹோம்பாய் இண்டஸ்ட்ரீஸ் என்று அது வளர்ந்தது. பச்சையை இலவசமாக அழித்தும் விடுகிறார்கள்.

என் அனுபவம் ஒன்று. சிறையிலிருந்து வந்த ஒருவரை ஒரு தொழிற்சாலைக்கு அழைத்துப் போனேன். பெயர் வேண்டாம், தொழிற்சாலையும் வேண்டாம். சிறைக்குள் நெசவுப் பிரிவில் ஆறு ஆண்டு வேலை பார்த்த கைகாரர். விண்ணப்பத்தை நானே நிரப்புகிறேன் என்றேன். "வேண்டாம் ஐயா, எனக்கு எழுதத் தெரியும்" என்று வாங்கிக்கொண்டார். முதலாளி மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு படிக்கிறார். முந்தைய வேலை: நெசவு. எத்தனை ஆண்டு: ஆறு. விடுப்பு எடுத்த நாட்கள்: இல்லை. முதலாளி முகம் மலர்கிறது. தங்குமிடம்: நிறுவன வளாகத்திலேயே. "அடேயப்பா, இப்படி ஓர் ஆள் கிடைக்க மாட்டாரே" என்கிறார். எனக்கு வியர்க்கிறது. அப்புறம் கடைசிக் கட்டம், வேலையை விட்டதற்குக் காரணம். இவர் எழுதியிருந்தது: நன்னடத்தை.

முதலாளி இரண்டு முறை படித்தார். என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வேலை? கொடுக்கவில்லை. நல்ல மனிதர்தான், மற்ற தொழிலாளர்கள் என்ன சொல்வார்களோ என்று பயந்துவிட்டார். மூட்டைப்பூச்சி இருக்கிறதா என்று பார்க்கக்கூட இல்லை. பெயரைக் கேட்டே கொளுத்திவிட்டார்.

இரண்டாவது சீட்டும் வந்துவிட்டது. நான்கும் ஐந்தும் அடுத்த கூட்டத்துக்கு. செயலாளர் மன்னிக்க வேண்டும். தொழில் நடத்துகிறவர்கள் போகும்போது வாசல் மேசையில் ஒரு படிவம் இருக்கிறது, வருஷத்துக்கு ஓர் ஆளை எடுத்துக்கொள்கிறேன் என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். நானே தயாரித்த படிவம். வேலையை விட்டதற்குக் காரணம் கேட்கும் கட்டம் அதில் இல்லை.