அங்கன்வாடியில எடை போடறது எதுக்கு? 3 வயசுக்குள்ள குழந்தை இருக்கிற வீடுகளுக்கு

அங்கன்வாடின்னா கலவை சாதமும் முட்டையும் போடற இடம், 2 வயசு முடிஞ்சதும் சேர்த்துக்கலாம்னு நிறைய வீடுகள்ல நினைக்கிறாங்க. ஆனா அந்த மையம் ஒரு குழந்தைக்கு ரொம்ப உதவக்கூடிய காலம், குழந்தை அங்க போய் உக்காரவே தொடங்காத முதல் 2 வருஷம். எடை தேங்கறது, வளர்த்தி குறையறது, ரத்தசோகை எல்லாம் பெரும்பாலும் 6 மாசத்துக்கும் 2 வயசுக்கும் நடுவுலதான் ஆரம்பிக்குது. தமிழ்நாட்டுல 54 ஆயிரத்துக்கும் மேல மையங்கள் இருக்கு. கைக்குழந்தைக்கு அங்க என்ன கிடைக்கும், அதை எப்படிச் சரியா வாங்கிக்கறதுன்னு பார்ப்போம்.

முதல்ல பதிவு. கர்ப்பத்தை நர்சம்மாகிட்ட பதியற அதே வாரத்துல அங்கன்வாடியிலயும் பேர் கொடுத்துடுங்க. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போறப்போதான் இது அறுந்து போகுது. பேர் மாமியார் ஊர்ல இருக்கும், குழந்தை அம்மா ஊர்ல இருக்கும், அஞ்சாறு மாசம் யாரும் எடையே போட மாட்டாங்க. போன ஊர் அங்கன்வாடி டீச்சர்கிட்ட சொல்லுங்க. அங்கன்வாடியில பயன்படுத்தற போஷன் டிராக்கர் செயலியில பேரை அந்த மையத்துக்கு மாத்திக்க வசதி இருக்கு.

[திரையில்: தொங்கு தராசு, துணித்தொட்டில்ல 9 மாசக் குழந்தை]

இப்ப எடை. இதுல கொஞ்சம் நிதானமா நிக்கணும், ஏன்னா தப்பு அதிகம் நடக்கறது இங்கதான். 9 மாசத்துல இருந்து 12 மாசம் வரைக்கும் ஒரு குழந்தை மாசத்துக்கு ஏறற எடையே சுமார் 200-லிருந்து 300 கிராம்தான். ஜீன்ஸ், ஸ்வெட்டர், ஈரமான நாப்கின், வெள்ளி அரைஞாண், கொலுசு எல்லாம் சேர்ந்தா அந்த அளவு தாராளமா வந்துடும். அதாவது, போன மாசம் வெறும் சட்டையோடயும் இந்த மாசம் இதையெல்லாம் மாட்டியும் எடை போட்டா, ஏறாத எடை ஏறின மாதிரி தெரியும். துணி கழட்டிட்டு, முடிஞ்சா நகையையும் எடுத்துட்டு, எடை போடுங்க. குழந்தையைத் தூக்கி வைக்கறதுக்கு முன்னாடி தொட்டில் காலியா தொங்கறப்போ முள் 0-ல நிக்குதான்னு பாருங்க. குழந்தை உங்க புடவையைப் பிடிச்சிருந்தாலும் எடை மாறும். ஆடறது நின்ன பிறகுதான் படிக்கணும்.

உயரத்தை 2 வயசு வரைக்கும் படுக்க வச்சும், அதுக்கு மேல நிக்க வச்சும் அளப்பாங்க. படுக்க வச்சு அளந்தா நிக்கறதை விட சுமார் 0.7 செ.மீ. கூடுதலா வரும். அதனால 2 வயசு தாண்டினதும் உயரம் குறைஞ்ச மாதிரி தெரிஞ்சா பயப்பட வேண்டாம்.

[திரையில்: தாய் சேய் நல அட்டையின் வளர்ச்சி வரைபடம், பச்சை, மஞ்சள், ஆரஞ்சுப் பட்டைகள்]

எண்ணை மட்டும் கேட்டுட்டு வந்துடாதீங்க, அட்டையில புள்ளி வைக்கச் சொல்லுங்க. பச்சைன்னா சரியான எடை, மஞ்சள்னா குறைவு, ஆரஞ்சுன்னா ரொம்பக் குறைவு. போன மாசப் புள்ளியையும் இந்த மாசப் புள்ளியையும் சேர்க்கிற கோடு எந்தப் பக்கம் போகுதுங்கறதுதான் முக்கியம். மஞ்சள்ல இருந்தாலும் கோடு நல்லா மேல ஏறினா அந்தக் குழந்தை தேறிட்டு வருது. பச்சையில இருக்கு, ஆனா 2 மாசமா கோடு படுத்துக் கிடக்குன்னா, அந்தக் குழந்தையைப் பத்தித்தான் எங்களுக்குக் கவலை. "பச்சையிலதானே இருக்கு"ன்னு விட்டுடறாங்க. கோடு இறங்கினா அடுத்த எடை நாள் வரைக்கும் காத்திருக்காம மருத்துவர்கிட்ட போகணும்.

இப்படி மாசாமாசம் எடை பார்த்து முடிவெடுக்கிற முறை தமிழ்நாட்டுக்குப் புதுசு இல்ல. 1980-ல உலக வங்கிக் கடனோட தொடங்கின தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்துல 6 மாசத்துலிருந்து 36 மாசம் வரை உள்ள குழந்தைகளை மாசம் தவறாம எடை போட்டாங்க. ஏறாத குழந்தைக்கு 90 நாள் கூடுதல் உணவு கொடுத்தாங்க, கூடவே தாய்க்குச் சொல்லியும் கொடுத்தாங்க.

கையில சுத்தற கலர் நாடாவும் இருக்கும். 6 மாசத்துல இருந்து 5 வயசு வரைக்கும், மேல்கை நடுவுல சுற்றளவு 12.5 செ.மீ.-க்குக் கீழ போனா கவனிக்கணும். 11.5-க்குக் கீழன்னா கடும் ஊட்டச்சத்துக் குறைபாடு. மருத்துவமனைக்குத்தான் போகணும், வீட்டுல சத்துமாவைக் கூட்டிக் கொடுத்துப் பார்க்கற நிலை இல்ல.

[திரையில்: சாய்ச்ச கரண்டியில நிக்கிற கெட்டிக் கூழ்]

அடுத்து சத்துமாவு. 6 மாசத்துல இருந்து 3 வயசு வரை உள்ள குழந்தைக்கு வீட்டுக்கே கொடுக்கிறாங்க. கர்ப்பிணிக்கும் பாலூட்டற தாய்க்கும் உண்டு. கொடுத்த பாக்கெட்டை வீட்டுல எல்லாருமா சாப்பிட்டா அது சில நாள்ல தீர்ந்துடும். குழந்தை பேர்ல தனி டப்பாவுல கொட்டி, ஈரக் கரண்டி போடாம வைங்க.

இன்னொரு தப்பு, தண்ணியா கரைச்சு பாட்டில்ல ஊத்திக் கொடுக்கறது. குழந்தையோட வயிறு ஒரு கிலோ எடைக்கு சுமார் 30 மி.லி. அளவுதான் பிடிக்கும். 7 கிலோ குழந்தைன்னா ஒரு டம்ளர். அந்த இடத்தைத் தண்ணி அடைச்சுக்கிட்டா சத்துக்கு இடமே இல்ல. கரண்டியைச் சாய்ச்சா கூழ் வழிஞ்சு ஓடக்கூடாது. அதுல ஒரு டீஸ்பூன் எண்ணெயோ நெய்யோ விட்டா சுமார் 45 கலோரி கூடும். 6 மாசத்துல 2, 3 ஸ்பூன்ல தொடங்கி, 9 மாசத்துல ஒரு வேளைக்கு அரை கப், 1 வயசுக்கு மேல முக்காலிலிருந்து ஒரு கப் வரைக்கும் வரணும். கப்புன்னா 250 மி.லி. தாய்ப்பால் கூடவே தொடரணும். 1 வயசுக்குள்ள தேன் வேண்டவே வேண்டாம். டீயில பிஸ்கட் நனைச்சுக் கொடுக்கறதையும் நிறுத்துங்க.

இரும்புச்சத்து சிரப் வாரத்துக்கு 2 நாள், ஒவ்வொரு தடவையும் 1 மி.லி. மலம் கறுப்பா போகும். அதைப் பார்த்துப் பயந்து நிறைய பேர் நிறுத்திடறாங்க. அது இரும்போட நிறம்தான், தொடரலாம். காய்ச்சல் அடிக்கிற நாள்ல நிறுத்தி வைங்க.

வயித்துப்போக்கு வந்தா எடைக் கோடு உடனே விழும். ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை அதுல போட்டிருக்கிற அளவுத் தண்ணியில முழுசா கரைங்க. அரை பாக்கெட், கால் பாக்கெட்னு பிரிச்சா உப்பு அளவு தப்பிடும். 24 மணி நேரத்துக்கு மேல வைக்காதீங்க. 6 மாசத்துக்கு மேல உள்ள குழந்தைக்கு துத்தநாக மாத்திரை தினம் 20 மி.கி., 14 நாளும் முழுசா. வயித்துப்போக்கு 3 நாள்ல நின்னாலும் மிச்சத்தை விடக்கூடாது.

அம்மா வேலைக்குப் போற வீட்டுக்கு ஒரு விஷயம். கைக்குழந்தையை நாள் முழுக்க விட்டுட்டுப் போற மாதிரி பெரும்பாலான அங்கன்வாடிகள் இன்னும் இல்ல. எங்களைக் கேட்டா, இதுதான் இந்த அமைப்புல இருக்கிற பெரிய ஓட்டை. மத்திய அரசோட பால்னா திட்டத்துல காப்பகத்தோட சேர்ந்த அங்கன்வாடிகள் வருது, உங்க பக்கத்துல இருக்கான்னு வட்டார குழந்தைகள் வளர்ச்சித் திட்ட அலுவலகத்துல கேளுங்க. 50 பேரோ அதுக்கு மேலயோ வேலை செய்யற நிறுவனம் குழந்தைகள் காப்பகம் வைக்கணும்னு 2017-ல மகப்பேறு நலச் சட்டத்தைத் திருத்தினாங்க. அந்த 50-ல ஆண்களும் சேர்த்தி. "எங்ககிட்ட பொம்பளைங்க 20 பேர்தான்"னு சொன்னா ஏத்துக்காதீங்க. வேலை நேரத்துல தாய் ஒரு நாளைக்கு 4 தடவை போய்க் குழந்தையைப் பார்க்கலாம்.

பாட்டிகிட்ட விட்டுட்டுப் போறீங்கன்னா, பீய்ச்சி வச்ச பாலை நிழலான அறையில 4 மணி நேரத்துக்குள்ள கொடுத்துடணும். சித்திரை வெயில்ல அதையும் நம்ப வேண்டாம், ஃபிரிட்ஜ்ல வைங்க. காய்ச்சக்கூடாது. சுடுதண்ணிக் கிண்ணத்துக்குள்ள பால் கிண்ணத்தை வச்சு வெதுவெதுப்பாக்கி, பாலாடையில புகட்டணும்.

கடைசியா, நடமாடும் மருத்துவக் குழு வருஷத்துக்கு 2 தடவை அங்கன்வாடிக்கு வந்து குழந்தைகளைப் பரிசோதிக்கும். தேதியை டீச்சர்கிட்ட முன்னாடியே கேட்டு வச்சுக்கிட்டு, மையத்துக்கு வராத கைக்குழந்தையையும் அன்னைக்குத் தூக்கிட்டு வாங்க. கூப்பிட்டா திரும்பலை, ஒன்றரை வயசாகியும் நடக்கலை, 2 வயசாகியும் "அம்மா வா" மாதிரி ரெண்டு சொல் சேர்த்துப் பேசலைன்னா, அதை நீங்களே வாய்விட்டுச் சொல்லணும். சில நிமிஷப் பரிசோதனையில அது தெரியாமப் போகலாம். "அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினார்"னு வீட்டுல சொல்வாங்க, கேக்காதீங்க. டி.இ.ஐ.சி.ங்கற, வளர்ச்சிக் குறைகளைச் சின்ன வயசுலயே கண்டுபிடிச்சு உதவற மாவட்ட மையத்துக்கு அந்தக் குழுவே எழுதிக் கொடுக்கும். பேச்சுப் பயிற்சியும் காது பரிசோதனையும் அங்க இலவசம்.