3.6% வாடகை வருமானம்னு விளம்பரம் சொல்லுது, கையில நிக்கிறது எவ்வளவு?

வணக்கம் மக்களே. சிங்கப்பூர்ல காண்டோ (தனியார் அடுக்குமாடி வீடு) விளம்பரத்துல 3.6% வருமானம்னு கொட்டை எழுத்துல போட்டிருப்பாங்க. ஒரு வருஷ வாடகையை வீட்டு விலையால வகுத்தா வர்ற எண் அது. வேற ஒண்ணும் அதுல இல்ல.

ஒரு உதாரணம் எடுத்துக்குவோம். கணவன் மனைவி ரெண்டு பேருமே குடிமக்கள். வீவக (அரசாங்க வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீட்டுல 5 வருஷம் இருந்தாச்சு, ஆனா கடன் இன்னும் ஓடுது. இப்ப 1.2 மில்லியன் வெள்ளிக்கு மறுவிற்பனை காண்டோ ஒண்ணு பார்க்கிறாங்க, மாச வாடகை 3,600.

பேங்க் 75% தரும்னுதான் பலரும் நினைக்கிறாங்க. அது முதல் வீட்டுக்கடனுக்கு. ஏற்கெனவே ஒரு வீட்டுக்கடன் நிலுவையில இருந்தா 45%தான். கடன் முடியறப்போ வயசு 65-ஐத் தாண்டினா அதுவும் 25% ஆயிடும். ஆக 540,000 கடன், மீதி 660,000 நம்ம பாடு. அதுல 300,000 ரொக்கமாவே இருக்கணும். மிச்சத்துக்கு சிபிஎஃப்பை (மத்திய சேம நிதிச் சேமிப்பு) தொடலாம், ஆனா ரெண்டாவது வீடுங்கறதால அடிப்படை ஓய்வுக்காலத் தொகையை (ஓய்வுக்காலத்துக்குன்னு அதுல விட்டு வைக்க வேண்டிய பணம்) ஒதுக்கி வச்ச பிறகுதான்.

அடுத்து முத்திரை வரி. வழக்கமானது 32,600. அதுக்கு மேல ஏபிஎஸ்டிங்கற கூடுதல் முத்திரை வரி, ரெண்டாவது வீடுங்கறதால 20%, அதாவது 240,000. ஆப்ஷனை (வீட்டை நமக்காகப் பிடிச்சு வைக்கற வாங்கும் உரிமை) உறுதிப்படுத்தின நாள்லேர்ந்து 14 நாளுக்குள்ள கட்டணும், இதுக்கு வீட்டுக்கடன் கிடையாது. பலர் தடுமாறுறது இங்கதான். ஆப்ஷனுக்கான 1%-ஐயும் சேர்த்து 5% முன்பணம் போன கையோட இதுவும் வந்து நிக்கும். இதைத் தவிர்க்க ஒருத்தர் பேர்ல 99%, இன்னொருத்தர் பேர்ல 1%ன்னு "99-1" பங்கு பிரிக்கச் சொல்ற ஆளுங்க இருக்காங்க. அந்தப் பக்கமே போகாதீங்க, விடுபட்ட வரியோட 50% அபராதமும் சேர்த்து வசூலிக்கிறாங்க.

ஆப்ஷன் வாங்கறதுக்கு முன்னாடியே பேங்க்கிட்ட கொள்கையளவு ஒப்புதல் (எவ்வளவு கடன் தருவாங்கன்னு முன்கூட்டியே சொல்றது) வாங்கிடுங்க. வட்டி 2.5%ன்னாலும் பேங்க் குறைஞ்சது 4% போட்டுத்தான் கணக்குப் பார்க்கும். வீவக கடன், கார் கடன் எல்லாம் சேர்த்து மாசத் தவணை வருமானத்துல 55%-ஐத் தாண்டக்கூடாது. கடன் கிடைக்கலன்னா ஆப்ஷனுக்குக் கொடுத்த 1%, அதாவது 12,000, பெரும்பாலும் திரும்ப வராது.

சரி, வாடகைக்கு விட்டாச்சு. வருஷத்துக்கு 43,200. ஆள் மாறும்போது ஒரு மாசம் காலியா கிடக்கும்னு வைங்க, 39,600. ஆண்டு மதிப்பு (வருஷத்துக்கு எவ்வளவு வாடகைக்குப் போகும்னு வரித்துறை போடற மதிப்பீடு) 40,000ன்னா சொத்து வரி 5,600; வீடு காலியா இருந்தாலும் வரி நிக்காது. பராமரிப்புக் கட்டணம் 4,200. முதல் வருஷ வட்டி 13,500க்குப் பக்கம். மிச்சம் 16,300. போட்ட பணம் 932,600. அப்ப 1.75%, அதுவும் வருமான வரிக்கு முன்னாடி! சிபிஎஃப் சாதாரணக் கணக்குல சும்மா கிடந்தாலே 2.5% வருது. வீட்டு விலை ஏறும்ங்கற நம்பிக்கைதான் மீதி. அதுக்கும் பொறுமை வேணும்: 4 வருஷத்துக்குள்ள வித்தா விற்பனையாளர் முத்திரை வரி உண்டு, முதல் வருஷமே வித்தா 16%.

வருமான வரியில ஒரு சின்ன லாபம் இருக்கு. வட்டியைத் தனியா கழிச்சுக்கலாம். மத்த செலவுக்கு ரசீது இல்லாமலே வாடகையில 15% கழிக்கலாம், பலரும் அதோட நிறுத்திக்கறாங்க. நம்ம உதாரணத்துல 15%ன்னா 5,940தான். சொத்து வரியும் பராமரிப்பும் மட்டுமே 9,800 வருது. அப்ப உண்மைச் செலவைக் காட்டறதுதான் புத்திசாலித்தனம். ரசீதுகளை 5 வருஷம் பத்திரமா வச்சிருங்க. முதல் வாடகைக்காரரைப் பிடிச்சுக் கொடுத்த முகவர் கமிஷனை மட்டும் கழிக்க முடியாது.

ஒப்பந்தம் குறைஞ்சது 3 மாசம் இருக்கணும். வாடகைக்காரர் வெளிநாட்டவர்னா அவரோட பாஸ் (இங்க தங்கற அனுமதி அட்டை) அசலை நீங்களே பாருங்க, முகவர் அனுப்பின படம் போதாது. ஏர்கான் சர்வீஸ் யார் செலவு, சின்னப் பழுதுக்கு எத்தனை வெள்ளி வரைக்கும் அவங்க கட்டணும், இந்த ரெண்டையும் எழுத்துல போட்டுடுங்க. வைப்புத்தொகையைத் திருப்பிக் கொடுக்கும்போது சண்டை வர்றது பெரும்பாலும் இதுலதான். சாவியைக் கொடுக்கற அன்னிக்கே ஒவ்வொரு அறையையும் வீடியோ எடுத்து அவங்களுக்கும் அனுப்பிடுங்க.