ஏமாந்தது உங்கள் தவறு இல்லை

நண்பர்களே, வணக்கம்.

இணைய விளம்பரத்தை நம்பிப் பணத்தை விட்டவர்களிடம் பேசிப் பாருங்கள். பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "நான்தான் சரியாகப் பார்க்கவில்லை." அந்தப் பதிலை மறுக்கத்தான் இன்று இந்த மேடையில் நிற்கிறேன்.

2017-ல் ஒரு காலணி நிறுவனம் இன்ஸ்டாகிராமில் ஒரு விளம்பரம் விட்டது. காலணிப் படத்தின் மேல் மெல்லியதாக ஒரு தலைமுடி. வரைந்து சேர்த்த முடி. திரையில் ஏதோ ஒட்டியிருக்கிறது என்று நாம் விரலால் தள்ளிவிடுவோம் இல்லையா? தள்ளினால் அவர்களுடைய விற்பனைப் பக்கம் திறந்துகொள்ளும். இதில் பார்த்தவர் எங்கே கவனம் தவறினார்? கவனமாகப் பார்த்ததால்தானே முடி கண்ணில் பட்டது!

வாயால் சொல்லும் பொய்யைப் பிடிப்பது ஓரளவு எளிது. மூளைப் பயிற்சி விளையாட்டு விற்ற லுமோசிட்டி, வயதானால் வரும் மறதியைத் தள்ளிப்போடலாம் என்று விளம்பரம் செய்தது. "ஆதாரம் எங்கே?" என்று நுகர்வோரைப் பாதுகாக்கும் அமெரிக்க அரசு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் கேட்டது. 2016-ல் 20 லட்சம் டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டார்கள். ஆனால் வரைந்து வைத்த முடி எந்தப் பொய்யையும் சொல்லவில்லையே. பெரிய பச்சைப் பொத்தானில் "டவுன்லோட்" என்று போட்டுவிட்டு, நீங்கள் தேடிவந்த உண்மையான இணைப்பைச் சாம்பல் நிறத்தில் பொடி எழுத்தில் ஒளித்து வைப்பதும் அதே வகைதான். இப்படிப்பட்ட வடிவமைப்புகளுக்கு 2010-ல் ஹாரி பிரிக்நல் என்ற பிரிட்டிஷ் வடிவமைப்பாளர் 'டார்க் பேட்டர்ன்ஸ்' என்று பெயர் வைத்தார்.

இவை எப்படி உருவாகின்றன என்பதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். ஒரே பக்கத்தை இரண்டு விதமாகச் செய்து, பாதிப் பேருக்கு ஒன்றையும் மீதிப் பேருக்கு மற்றதையும் காட்டுவார்கள். எதில் அதிகம் சொடுக்குகிறார்களோ அது நிற்கும், மற்றது போய்விடும். அப்புறம் மறுபடி இரண்டு விதம், மறுபடி சோதனை. வேண்டும் என்று தொட்டவரும் தெரியாமல் தொட்டவரும் அந்தக் கணக்கில் ஒன்றுதான். ஆகவே குழப்புகிற பக்கமே ஜெயித்துக்கொண்டு வரும். ஏமாற்ற வேண்டும் என்று ஒருவரும் வாய்விட்டுச் சொல்லத் தேவையில்லை. விற்பனை எண்ணிக்கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் போதும். ஆயிரக்கணக்கானவர்களின் விரல்களை வைத்துத் தேர்ந்தெடுத்த பக்கம் அது. அதன் முன்னால் ஒருவர் தனியாக உட்கார்ந்து ஏமாந்துவிட்டு, தன்னைத்தானே திட்டிக்கொள்கிறார். எனக்கு ஆத்திரம் வருவது அங்கேதான்.

சேர்வதற்கு ஒரு தொடுதல், விலகுவதற்குப் பெரும் யாத்திரை. அமேசானின் பிரைம் என்ற கட்டணச் சந்தா சேவை மீது 2023 ஜூனில் அதே கமிஷன் வழக்குப் போட்டது. விலகுவதற்கு நான்கு பக்கம், ஆறு சொடுக்கு, பதினைந்து தெரிவுகள் என்று மனுவில் எழுதியது. அந்த வழிமுறைக்கு நிறுவனத்துக்குள் 'இலியட்' என்று பெயராம்! நீண்ட போரைப் பாடும் கிரேக்கக் காவியத்தின் பெயர். 2025 செப்டம்பரில், குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே, 250 கோடி டாலருக்கு அமேசான் சமரசம் செய்துகொண்டது. அதில் 150 கோடி வாடிக்கையாளர்களுக்குத் திருப்பித் தருவதற்கு. இத்தனை பேரும் கண்ணை மூடிக்கொண்டா சேர்ந்தார்கள்?

சட்டங்கள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சேவைகள் சட்டத்தில் 25-ஆவது பிரிவு இணையத் தளங்களின் இத்தகைய வடிவமைப்பைத் தடுக்கிறது. இந்தியாவும் 2023-ல் 13 வகைகளைப் பட்டியலிட்டு வழிகாட்டு நெறிகள் கொண்டுவந்தது. ஆனால் யாராவது புகார் கொடுத்தால்தானே சட்டத்துக்கு வேலை? வெட்கப்பட்டு மறைக்கிறவர் புகார் கொடுக்கமாட்டார்.

அதனால் வீட்டில் யாராவது "ஏமாந்துட்டேன்" என்று வந்தால், "பார்த்துத் தொடக்கூடாதா?" என்று முதல் வார்த்தையிலேயே வாயை அடைத்துவிடாதீர்கள். உடனே வங்கிக்குச் சொல்லுங்கள். அந்தப் பக்கம் மாறிவிடும் முன் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பிறகு நுகர்வோர் அமைப்புக்குப் புகார் எழுதுங்கள். போன பணத்தை மட்டும் எழுதினால் போதாது. எந்தப் பொத்தான், எந்த நிறம், எந்த வரி பொடி எழுத்தில் இருந்தது, மூடும் குறி எங்கே ஒளிந்திருந்தது, எல்லாம் அதில் இருக்கட்டும்.